தற்செயலாகத் தென்படும் அட்ரினல் கட்டிகள்: எவ்வளவு காலம் கண்காணிப்பது?

ஒன்றைத் தேடிச் செல்லுமிடத்து வேறொன்று அகப்படுவது விஞ்ஞான உலகில் புதிதன்று. ஆயினும், அவ்வாறு அகப்படும் பொருள் நமது உடலினுள்ளேயே இருக்கும் ஒரு கட்டியாக அமைந்துவிட்டால் மனம் எளிதில் அமைதி கொள்வதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 52 வயதுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு விலாப்புறத்தில் கடுமையான வலி உண்டாகிறது. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என ஐயுற்ற மருத்துவர், வயிற்றுப் பகுதியை சி.டி. ஸ்கேன் முறையில் படமெடுக்கச் செய்கிறார். கல் இருப்பது தெரிகிறது; சில நாட்களில் அது தானாகவே வெளியேறியும் விடுகிறது. வலி தீர்ந்தது. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில், இடது அட்ரினல் சுரப்பியில் 2 சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியொன்று காணப்படுவதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அக்கட்டியினால் அவருக்கு இதுவரை யாதொரு துன்பமும் நேர்ந்ததில்லை. அது அங்கே எத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறது என்பதும் எவருக்கும் தெரியாது. எனினும், அவ்வரியைப் படித்த நாள் முதல் அவர் நோயாளியாகிவிடுகிறார்.

இத்தகையோர் இன்று நமது நாட்டில் பெருகி வருகின்றனர். நோய் முற்றியதால் அல்ல, படமெடுக்கும் கருவிகள் மாவட்டத் தலைநகரங்களையும் சிறு நகரங்களையும் எட்டிவிட்டதாலேயே இவர்கள் தொகை பெருகுகிறது. இக்கட்டியை அகற்ற வேண்டுமா? அகற்ற வேண்டுவதில்லையெனில், ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இவ்வினாக்களுக்கு மருத்துவ அறிஞர்கள் கூறும் விடை கடந்த 20 ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தையும் அதற்குரிய காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரப்பியின் அமைப்பும் தொழிலும்

சிறுநீரகங்கள் இரண்டன் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்துள்ளவை அட்ரினல் சுரப்பிகள். சிறுநீரகத்தின் மீது இருப்பதால் இவற்றை அண்ணீரகச் சுரப்பிகள் என்றும் வழங்குவர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் எடையே உள்ளது. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டேகியஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை வருணித்திருந்தபோதிலும், இவை உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதை 1855-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் வெளியிட்ட நூலே உலகுக்கு உணர்த்தியது.

ஒவ்வொரு சுரப்பியும் உண்மையில் இரு சுரப்பிகள் ஒன்றாகச் சேர்ந்தது எனலாம். வெளிப்புறமாக உள்ள புறணி மூவகை ஹார்மோன்களை உண்டாக்குகிறது. உடலில் உப்பையும் நீரையும் சமன் செய்யும் அல்டோஸ்டிரோன், சர்க்கரைப் பயன்பாட்டையும் நோய் எதிர்ப்பையும் இரத்த அழுத்தத்தையும் நெறிப்படுத்தும் கார்டிசால், ஆண்மைக் குணங்களுக்குரிய சில ஹார்மோன்கள் ஆகியவை அம்மூன்று வகைகளாம். உட்புறமாக உள்ள அகணி, அச்சமோ அதிர்ச்சியோ ஏற்படும் கணத்தில் இதயத்தை விரைவுபடுத்தும் அட்ரினலினையும் நார்-அட்ரினலினையும் சுரக்கிறது. புறணியில் தோன்றும் கட்டிக்கும் அகணியில் தோன்றும் கட்டிக்கும் குணமும் விளைவும் வேறுபடுவதற்கு இவ்வமைப்பே காரணமாகும்.

எவ்வாறு வெளிப்படலாயின?

பிரேதப் பரிசோதனைகளின்போது, உயிரோடிருந்த காலத்தில் எவ்விதக் குறியும் காட்டாத அட்ரினல் கட்டிகள் தென்படுவதை நோய்க்கூற்று நிபுணர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அவற்றின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 2 என மதிப்பிடப்பட்டது. அவை உடலோடு பிறர் அறியாமலேயே மறைந்துபோயின.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிரிட்டிஷ் பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியைக் கொண்டு லண்டன் மருத்துவமனையொன்றில் முதல் நோயாளியின் மூளை சி.டி. முறையில் படமெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் உடலின் மற்றப் பகுதிகளையும் படமெடுக்கும் கருவிகள் உருவாயின. இச்சாதனைக்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். வயிற்றினுள் இருப்பவற்றைக் கத்தியின்றிக் காணும் வசதி பிறந்ததும், தேடாத கட்டிகளும் கண்ணுக்குப் புலப்படலாயின. 1982-ஆம் ஆண்டில் கீல்ஹூட், ட்ரூயி என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் தமது ஆய்வுரையின் தலைப்பிலேயே இவற்றுக்கு ‘இன்சிடென்டலோமா’ எனப் பெயரிட்டு எழுதினர். ‘தற்செயற் கட்டி’ என நாம் அதைத் தமிழாக்கலாம். பெயர் கட்டியின் தன்மையைக் குறிப்பதன்று, அது கண்டறியப்பட்ட விதத்தை மட்டுமே குறிப்பது என்பதைக் கவனித்தல் வேண்டும். அட்ரினல் நோய் உண்டென்று ஐயுறாமல், வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தென்படும் 1 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அட்ரினல் கட்டியே இப்பெயரால் வழங்கப்படுகிறது.

2006-ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் புற்றைத் தேடும் பொருட்டு சி.டி. படம் எடுத்துக்கொண்ட 520 பேருள் நூற்றுக்கு 4.4 வீதம் பேரிடம் இத்தகைய கட்டி காணப்பட்டது. வயது ஏற ஏற இவ்வீதமும் ஏறுகிறது. இளைஞரிடம் இவை மிக அரிது. 70 வயதைக் கடந்தோரிடம் சாதாரணமாகக் காணக்கூடியவை.

இரண்டே வினாக்கள்

கட்டி தென்பட்டதும் மருத்துவர் விடை காண வேண்டிய வினாக்கள் இரண்டு. இது தீங்கற்ற கட்டியா, புற்றா என்பது முதலாவது. இது வேண்டாத ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராத தனித்தனி வினாக்கள். புற்றல்லாத சிறு கட்டியும் ஹார்மோன் மிகுதியால் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும். நடைமுறையில் முதல் வினாவுக்கே எல்லோரும் அஞ்சுகின்றனர். இரண்டாவது வினா பல சமயங்களில் கேட்கப்படாமலேயே விடப்படுகிறது. மீண்டும் மீண்டும் படமெடுத்துக்கொண்ட நோயாளிக்கு ஒருமுறையேனும் ஹார்மோன் பரிசோதனை நடந்திராமை மருத்துவ உலகில் அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் குறையாகும்.

படம் கூறும் விடை

முதல் வினாவுக்குப் பெரும்பாலும் முதற் படமே விடை தந்துவிடுகிறது. சி.டி. படத்தில் ஒவ்வொரு திசுவும் எக்ஸ்-கதிர்களை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகால் அளக்கலாம். இவ்வளவு முறையில் நீருக்குச் சுழி என்றும், காற்றுக்கு -1000 என்றும் மதிப்பு வகுத்துள்ளனர். கொழுப்பு நீரினும் இலேசானதாகையால் அதன் மதிப்பு சுழிக்குக் கீழே இருக்கும்.

அட்ரினல் புறணியின் செல்கள் ஹார்மோன் உற்பத்திக்கு மூலப்பொருளான கொழுப்பைத் தம்முள் சேமித்து வைப்பவை. புறணியில் தோன்றும் தீங்கற்ற கட்டியான அடினோமாவும் பெரும்பாலும் இக்குணத்தை உடையது. ஆகவே, இரத்தக் குழாயில் சாயமருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் கட்டி முழுதும் ஒரே சீராக இருந்து, அதன் மதிப்பு 10 அலகோ அதற்குக் குறைவாகவோ இருப்பின், அது கொழுப்பு நிறைந்த தீங்கற்ற கட்டி எனத் துணியலாம். அடினோமாக்களுள் ஏறத்தாழ 10-க்கு 3 கொழுப்புக் குறைந்தவையாகையால் அவற்றின் மதிப்பு 10-க்கு மேல் இருக்கும். இவற்றைப் படத்தின் அடர்த்தியைக் கொண்டு மட்டும் புற்றிலிருந்து பிரித்தறிவது அரிது.

அட்ரினல் புறணிப் புற்று மிக அரிய நோய். 10 லட்சம் பேருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 அல்லது 2 பேருக்கே அது உண்டாகிறது. கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டு, சீரற்ற தோற்றமும் 20 அலகுக்கு மேற்பட்ட அடர்த்தியும் உடையதாயின் ஐயம் வலுப்படுகிறது. வேறோர் உறுப்பில் புற்றுநோய் உள்ளவருக்கு அது அட்ரினலுக்குப் பரவியிருக்கவும் கூடும். சிறுவர், கர்ப்பிணிகள், 40 வயதுக்குட்பட்டோர் ஆகியோரிடம் தென்படும் கட்டியை விரைந்து ஆராய வேண்டும் என்பதும் நிபுணர்களின் கருத்தாகும். ஏனெனில் இவர்களிடம் தீய கட்டிக்கான வாய்ப்பு ஒப்பு நோக்கில் அதிகம்.

ஊசி செலுத்திச் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கிவிடாதா என்று சிலர் வினவுவர். அடினோமாவையும் அட்ரினல் புற்றையும் ஊசித் துணுக்கைக் கொண்டு நம்பத்தக்க வகையில் பிரித்தறிய இயலாது. மேலும், கட்டி அகணியைச் சேர்ந்ததாயின் ஊசி பட்டதும் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். ஆதலால் மிகச் சில சந்தர்ப்பங்களில், அதுவும் அகணிக் கட்டியன்று என நிச்சயித்த பின்னரே, இம்முறை கையாளப்படுகிறது.

ஹார்மோன் பரிசோதனைகள்

இரண்டாம் வினாவுக்கு விடை காணும் பரிசோதனைகளுள் முதன்மையானது டெக்ஸாமெதசோன் பரிசோதனை. இது எளிய தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடுவதை நாம் அறிவோம். அவ்வாறே இரத்தத்தில் கார்டிசால் போதிய அளவு இருக்கும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தனது தூண்டுதலை நிறுத்திக்கொள்கிறது; அட்ரினலும் சுரப்பதைக் குறைக்கிறது. கார்டிசாலைப் போன்று செயற்படும் டெக்ஸாமெதசோன் மருந்தை 1 மில்லிகிராம் அளவில் இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே உட்கொண்டால், மிதவையைக் கையால் உயர்த்தியதற்கு ஒப்பாகும். மறுநாள் காலை இரத்தத்தில் கார்டிசால் மிகவும் தாழ்ந்திருத்தல் வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால், கட்டி மேலிடத்தின் கட்டளைக்கு அடங்காமல் தன்னிச்சையாகச் சுரக்கிறது எனக் கருதலாம்.

இரண்டாவது, அகணிக் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமாவைத் தேடும் பரிசோதனை. தலைவலி, படபடப்பு, மிகுந்த வியர்வை ஆகிய மூன்றும் திடீர் திடீரென வந்து போவது இதன் குறி. ஆயினும் குறியே இல்லாமலும் இருக்கலாம். இதை அறியாமல் வேறு நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யப் புகுந்தால் மேசையிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் என்னும் பொருளை அளந்து இதைக் கண்டறிகின்றனர். படத்தில் கட்டி கொழுப்பு நிறைந்த அடினோமா எனத் தெளிவாகத் தெரிந்தால் இப்பரிசோதனை தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, உயர் இரத்த அழுத்தமோ இரத்தத்தில் பொட்டாசியக் குறைவோ உள்ளவர்களுக்கு அல்டோஸ்டிரோன், ரெனின் ஆகியவற்றின் விகிதத்தைக் காண்பது. அல்டோஸ்டிரோன் மிகுதியால் உண்டாகும் இரத்த அழுத்தத்தை 1950-களின் இடைப்பகுதியில் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விளக்கினார். சாதாரண மருந்துகளுக்கு எளிதில் அடங்காத இவ்வழுத்தம், காரணத்தை அறிந்து சிகிச்சை செய்தால் பெரிதும் குணப்படக்கூடியது.

விதிகள் மாறிய வரலாறு

படம் தீங்கற்றது என்கிறது; ஹார்மோன்களும் சரியாகவே உள்ளன. இதன் பின்னர் எவ்வளவு காலம் கண்காணிப்பது?

2002-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, குறைந்தது 6 மாத இடைவெளியில் எடுத்த இரு படங்களில் கட்டி வளராமலும், 4 ஆண்டுகள் வரை ஹார்மோன் மிகுதி தோன்றாமலும் இருப்பின் அதற்கு மேல் கண்காணிப்பு வேண்டியதில்லை எனலாம் என்று கூறியது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களும் அறுவை நிபுணர்களும் சேர்ந்து வகுத்த விதிகள் இன்னும் கடுமையானவை. 3 முதல் 6 மாதங்களில் ஒரு படம், அதன்பின் ஓரிரு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு படம், 5 ஆண்டுகள் வரை ஆண்டுதோறும் ஹார்மோன் பரிசோதனை என அவை விதித்தன. ஐயத்துக்கு இடமின்றிப் பாதுகாப்பாக இருப்போம் என்பதே இவற்றின் நோக்கம்.

ஆயினும் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. அதே 2009-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பி இயல் ஏட்டில் வெளியான ஆய்வுரையொன்று அவ்விலையைக் கணக்கிட்டது. கண்காணிப்புக்கென எடுக்கப்படும் சி.டி. படங்களால் நோயாளி ஏற்கும் கதிர்வீச்சைச் சராசரி 23 மில்லிசீவர்ட் எனக் கொண்டு, அதனால் உயிர் மாய்க்கும் புற்று உண்டாகும் வாய்ப்பு 430-ல் ஒன்று முதல் 2,170-ல் ஒன்று வரை இருக்கலாம் என அது மதிப்பிட்டது. கண்காணிக்கப்படும் கட்டி புற்றாக வெளிப்படும் வாய்ப்பும் ஏறத்தாழ அதே அளவுதான்! இயற்கையிலிருந்து மனிதன் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் என்பதையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த ஆபத்தைத் தடுக்க முற்பட்டோமோ அதற்கு நிகரான ஆபத்தைக் கண்காணிப்பே விளைவிக்குமாயின், அக்கண்காணிப்பை மறுபரிசீலனை செய்வது அவசியமன்றோ?

இதற்கிடையே, பல நாடுகளில் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளின் விவரங்கள் சேர்ந்துவந்தன. இவ்வகை ஆய்வுகள் 32-ஐத் தொகுத்து, 4,121 பேரின் நிலையை ஆராய்ந்த கட்டுரை 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஹார்மோன் சுரக்காத கட்டி உள்ளோரும், கார்டிசாலை இலேசான மிகுதியாகச் சுரக்கும் கட்டி உள்ளோரும் இதில் அடங்குவர். சராசரியாக 4 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இக்கட்டிகள் வளர்ந்த அளவு 2 மில்லிமீட்டர் மட்டுமே. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவை நூற்றுக்கு 2.5. ஹார்மோன் சுரக்காத கட்டிகளுள் பின்னர் இலேசான கார்டிசால் மிகுதி தோன்றியவை நூற்றுக்கு 4.3. வெளிப்படையான கார்டிசால் நோய் உண்டானது ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. தொடக்கத்தில் தீங்கற்றதென முறையாக நிச்சயிக்கப்பட்ட கட்டி பின்னர் அட்ரினல் புற்றாக மாறியதற்கு ஓர் உதாரணமும் அத்தொகுப்பில் இல்லை.

இவ்வாறு சேர்ந்துவந்த சான்றுகளைக் கொண்டே ஐரோப்பிய நிபுணர் சங்கங்கள் விதிகளைத் திருத்தின. 2016-ஆம் ஆண்டில், 4 சென்டிமீட்டருக்குக் குறைந்து, 10 அலகும் அதற்குட்பட்டதுமான சீரான கட்டிக்கு மறுபடம் வேண்டியதில்லை என அவை அறிவித்தன. 2023-ஆம் ஆண்டில் வெளியான திருத்தம், சீரான தோற்றமும் 10 அலகுக்கு மேற்படாத அடர்த்தியும் உள்ள கட்டிக்கு, அதன் அளவு எதுவாயினும், மேலும் படமெடுக்க வேண்டுவதில்லை என்கிறது. முதற் பரிசோதனையில் ஹார்மோன்கள் சரியாக இருந்தால், புதிய குறி தோன்றினாலன்றி அல்லது இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவை மோசமடைந்தாலன்றி ஹார்மோன் பரிசோதனையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

யாருக்குக் கண்காணிப்பு தொடர வேண்டும்?

மேற்கூறியதிலிருந்து, தற்செயற் கட்டிகள் யாவற்றையும் மறந்துவிடலாம் என்று கொள்ளுதல் தவறு. கண்காணிப்பு ஒழிக்கப்படவில்லை, அது தேவைப்படுவோரிடம் மட்டும் செலுத்தப்படுகிறது.

முதலாவதாக, படத்தினால் தன்மை தெளிவாகாத கட்டிகள். 4 சென்டிமீட்டருக்குக் குறைந்து, சீராகவும், 11 முதல் 20 அலகு அடர்த்தியோடும் உள்ள கட்டியை வேறு முறையில் உடனே படமெடுத்துத் தெளியலாம். அல்லது 12 மாதம் கழித்து மீண்டும் படமெடுத்து ஒப்பிடலாம். இடைக்காலத்தில் கட்டியின் விட்டம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், அதே சமயம் நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேலாகவும் வளர்ந்திருந்தால், அதை அகற்றுவது குறித்து ஆலோசிக்க வேண்டும். பழைய படம் ஏதேனும் கைவசம் இருப்பின் ஓராண்டு காத்திருக்க வேண்டிய அவசியமே நேராமற்போகலாம். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் கட்டி அதே அளவில் இருந்திருப்பின், அது சிறந்த சான்றாகும்.

இரண்டாவதாக, கார்டிசாலை இலேசான மிகுதியாகச் சுரக்கும் கட்டிகள். இவை நாம் முன்பு எண்ணியதைவிட அதிகம். பல நாட்டு மருத்துவ நிலையங்களில், தீங்கற்ற அட்ரினல் கட்டியுடைய 1,305 பேரை ஆராய்ந்து 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேரிடமே கட்டி முற்றிலும் ஹார்மோன் சுரக்காததாக இருந்தது. எஞ்சியோருள் பெரும்பாலோரிடம் இலேசான கார்டிசால் மிகுதி காணப்பட்டது. முகம் உருண்டு, வயிறு பருத்து, தோலில் செங்கோடுகள் தோன்றும் முழு நோய் இவர்களிடம் இல்லை. ஆனால் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இவர்களிடம் மிகுதி. அதே ஆண்டில் 16 நாடுகளைச் சேர்ந்த 3,656 பேரின் விவரங்களைக் கொண்டு வெளியான மற்றோர் ஆய்வு, கார்டிசால் மிகுதியுள்ளோரிடம், சிறப்பாக 65 வயதுக்குட்பட்ட பெண்களிடம், மரண விகிதம் உயர்ந்திருப்பதைக் காட்டிற்று.

இவர்களுக்கு வேண்டுவது ஆண்டுதோறும் கட்டியைப் படமெடுப்பதன்று. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, எலும்பின் வலிமை ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதித்து உரிய சிகிச்சை அளிப்பதேயாகும். நோய்கள் கட்டுக்கடங்காவிடின், ஒரு பக்கத்துக் கட்டியை அகற்றுவது பற்றி நிபுணர்கள் ஆராய்வர். கண்காணிக்கப்பட வேண்டியது கட்டியன்று, அதை உடைய மனிதரே என்னும் கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது.

நமது நாட்டுக்குரிய சிறப்புக் காரணங்கள்

மேலை நாட்டு விதிகளை நாம் ஏற்கும்போது ஒரு விஷயத்தை மறத்தலாகாது. அடிசன் 1855-ல் வருணித்த நோயாளிகளுள் பலருக்கு அட்ரினல் அழிவை உண்டாக்கியது காசநோயேயாகும். அந்நோய் மேலை நாடுகளில் பெரிதும் குறைந்துவிட்டது. நமது நாட்டிலோ இன்னும் நீங்கவில்லை. ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் பூஞ்சை நோயும் நமது நாட்டில் அட்ரினல்களைத் தாக்குவதுண்டு. ஆகவே, படத்தில் இரு பக்கத்து அட்ரினல்களும் பருத்துக் காணப்பட்டால், ஹார்மோன் மிகுதியை மட்டுமன்றி ஹார்மோன் குறைவையும் தேட வேண்டும். நீங்காத சோர்வு, எடைக் குறைவு, பசியின்மை, தாழ்ந்த இரத்த அழுத்தம், தோலும் வாயின் உட்புறமும் கறுத்தல் ஆகியவை அக்குறைவின் அடையாளங்கள். இது கவனிக்கப்படாவிட்டால் சாதாரணக் காய்ச்சலோ வாந்திபேதியோகூட உயிருக்கு உலை வைத்துவிடும்.

காசநோய்க்கு அளிக்கும் ரிஃபாம்பிசின் மருந்து இவ்விடயத்தில் இருவகையில் குறுக்கிடுகிறது. அது கல்லீரலைத் தூண்டி டெக்ஸாமெதசோனை விரைவில் சிதைக்கச் செய்வதால், மேற்கூறிய பரிசோதனை பொய்யான முடிவைக் காட்டக்கூடும். கார்டிசாலும் அவ்வாறே விரைந்து சிதைவதால், ஏற்கனவே நலிந்த அட்ரினல் உடையோருக்குக் குறைபாடு திடீரென முற்றக்கூடும். வலிப்பு நோய் மருந்துகள் சிலவும், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரைகளும் பரிசோதனை முடிவைத் திரித்துவிடும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொண்டோரின் அட்ரினல்கள் சோம்பிக் கிடக்கும். எனவே, நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவருக்குத் தெரிவிப்பது மிகவும் அவசியம்.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது

இத்தகைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் கேட்டு வருவோர் முதலில் நாடுவது கிராமச் சுகாதாரப் பணியாளரையோ, படித்தவர் என்ற முறையில் பள்ளி ஆசிரியரையோதான். நோயை நிர்ணயிப்பது இவர்கள் வேலையன்று. எனினும் இவர்கள் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘புற்று’ என்று பொருள் கொள்ளும் அச்சத்தை நீக்குதல். இரண்டாவது, அச்சம் நீங்கியதும் அறிக்கையைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாமல், ஒருமுறையேனும் தக்க மருத்துவரிடம் சென்று ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளத் தூண்டுதல். அறிக்கையில் கட்டியின் அளவு மட்டுமின்றி ஹவுன்ஸ்ஃபீல்டு அலகும் குறிக்கப்பட்டுள்ளதா என்று மருத்துவரை வினவச் சொல்லலாம். மூன்றாவது, பழைய படங்களையும் அறிக்கைகளையும் தேதிவாரியாகப் பாதுகாத்து வைக்கச் செய்தல். அறிக்கைத் தாளை மட்டுமின்றிப் படத்தையும் வைத்திருத்தல் நலம். நான்காவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாது சோதித்துக் குறித்து வைத்தல். ஐந்தாவது, மருத்துவர் வேண்டாதபோது தாமாகவே ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதால் நன்மை இல்லையென்பதையும், பணமும் மன அமைதியும் வீணாவதோடு கதிர்வீச்சும் சேர்கிறதென்பதையும் எடுத்துரைத்தல்.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆசிரியரிடம் திரும்புவோம். அவரது கட்டி சீரானது. அடர்த்தி 6 அலகு. டெக்ஸாமெதசோன் பரிசோதனையில் குற்றமில்லை. இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் இயல்பான அளவில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மருத்துவர் கூற வேண்டியது இவ்வளவே: ‘இக்கட்டி உங்களோடு இருக்கட்டும்; இதற்காக இனிப் படம் வேண்டாம். இவ்வயதில் எல்லோரும் செய்துகொள்ளும் சோதனைகளை நீங்களும் செய்துகொள்ளுங்கள். அறிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.’ அவரது அடுத்த வீட்டுக்காரருக்கு அதே 2 சென்டிமீட்டர் கட்டி இருந்து, கார்டிசால் அடங்காமலும் இரத்த அழுத்தம் மூன்று மருந்துகளுக்குப் பணியாமலும் இருந்தால், அவருக்குக் கூறும் விடை முற்றிலும் வேறாகும்.

இருவருக்கும் படத்தில் தெரிவது ஒன்றேதான். அவர்களை வேறுபடுத்துவது தொடக்கத்தில் ஒருமுறை முறையாகச் செய்யப்படும் சில பரிசோதனைகளே. அவை நடந்தேறிவிட்டால், பெரும்பாலோர் அச்சத்திலிருந்தும் வீண் செலவிலிருந்தும் விடுபடுவர். எஞ்சிய சிலருக்கு உரிய சிகிச்சை உரிய காலத்தில் கிடைக்கும். அவை நடைபெறாவிட்டால் எத்தனை ஆண்டுகள் எத்தனை படம் எடுத்தாலும் பயன் சிறிதே.